எஃகுக் குண்டு ஒழுங்காக உள்ளே போகிறது, டேபிள் டென்னிஸ் பந்து வெளியே வரும்போது வெடிக்கிறது

கேள்வி, 2024 பிப்ரவரி 3

நீரில் பொருள் விழுவதையும் எழுவதையும் கணக்கிட ஒரு சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் புரோகிராம்) எழுதியிருக்கேன். கிரிட் முறை (நீரைச் சின்னச் செல்களா, அதாவது கட்டங்களா, பிரிக்கறது), அமுக்கமுடியாத நீர். எஃகுக் குண்டைப் போட்டா அருமையா உள்ளே போகுது. ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை நீருக்குள்ளே பிடிச்சு வெச்சு விட்டா மட்டும் ஒரு நொடிகூட ஓடல. வேகம் மேலே, கீழே, மேலே, கீழேன்னு துள்ளி, எண்ணெல்லாம் முடிவிலி ஆயிடுது. டைம் ஸ்டெப்பை, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரத்தை, பத்தில் ஒரு பங்கா குறைச்சேன், இன்னும் சீக்கிரமா வெடிக்குது. உள்ளே போறது சரியா வந்தா வெளியே வர்றதும் தானா சரியா வரணும் இல்லையா? அதே சமன்பாடு, காலத்தைத் திருப்பிப் போட்ட மாதிரிதானே. கோட்ல எங்கேயோ கூட்டல் கழித்தல் குறி மாறியிருக்குன்னு நினைக்கிறேன்.

பிப்ரவரி 3, இரவு 10:40

குறியெல்லாம் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றிவிட்டீர்கள்: உள்ளே போனது கனமான குண்டு, வெளியே வந்தது லேசான பந்து. அந்தப் பந்தையே மேலிருந்து போட்டுப் பாருங்கள். முழுகும் தருவாயில் அதுவும் வெடிக்கும்.

காரணம் ஆடட் மாஸ். பந்து முடுகினால் அதைச் சுற்றியுள்ள நீரும் சேர்ந்து முடுகியாக வேண்டும். முழுகிய கோளத்துக்கு இந்தக் கூடுதல் நிறை, அது இடம்பெயர்த்த நீரின் நிறையில் சரிபாதி. போட்டிப் பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், நிறை 2.7 கிராம். கனஅளவு 33.5 கன சென்டிமீட்டர், அதாவது இடம்பெயர்த்த நீர் 33.5 கிராம், கூடுதல் நிறை 16.75 கிராம். பந்தின் சொந்த நிறையைப் போல 6.2 மடங்கு.

உங்கள் கோட் என்ன செய்கிறது? போன ஸ்டெப்பின் முடுக்கத்தை வைத்து நீரின் விசையைக் கணக்கிடுகிறது. அந்த விசையைப் பந்தின் 2.7 கிராமால் வகுத்துப் புது முடுக்கம் எடுக்கிறது. ஆக முடுக்கத்தில் உள்ள ஒவ்வொரு பிழையும் அடுத்த ஸ்டெப்பில் 6.2 மடங்காகி, எதிர்க்குறியோடு திரும்புகிறது. மேலே, கீழே துள்ளுவதன் ரகசியம் இதுதான். பத்தே ஸ்டெப்பில் 8 கோடி மடங்கைத் தாண்டிவிடும். பெருக்கம் ஸ்டெப்புக்கு ஸ்டெப் நடக்கிறது, நொடிக்கு நொடி அல்ல. அதனால்தான் டைம் ஸ்டெப்பைக் குறைத்ததும் இன்னும் சீக்கிரம் வெடித்தது.

எஃகுக் குண்டில் இதே விகிதம் 0.064. பிழை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அங்கே கோட் எப்படி எழுதினாலும் ஓடும். அதை வைத்து சால்வரை நம்பியதுதான் சிக்கல்.

பிப்ரவரி 4, காலை 7:15

நேற்றைய குறிப்போடு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். "நீரின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவாக இருந்தால் வெடிக்கும்" என்று ஒருவர் அதைச் சுருக்கி எழுதியிருக்கிறார். அது கோளத்துக்கு மட்டும், அதுவும் முழுதாக முழுகியிருந்தால் மட்டும். பக்கவாட்டில் நகரும் நீண்ட உருளைக்குக் கூடுதல் நிறை இடம்பெயர்த்த நீருக்குச் சமம். ஆக நீரைவிட லேசான எந்த உருளையும் வெடிக்கும்.

தகட்டில் அடர்த்திக் கணக்கே செல்லாது. 20 சென்டிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நீண்ட எஃகுப் பட்டையை முகம் கீழாக நீருக்குள் அசைத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு எஃகின் நிறை 3.1 கிலோ, கூடுதல் நிறை 31.4 கிலோ. விகிதம் பத்து. எஃகுதான், ஆனால் டேபிள் டென்னிஸ் பந்தைவிட மோசமாக வெடிக்கும்.

பிப்ரவரி 4, இரவு 9:05

"அப்ப என்னதான் செய்யறது" என்று கேட்டதற்கு.

ஒரு ஸ்டெப்புக்குள்ளேயே நீரையும் பந்தையும் மாற்றி மாற்றித் தீர்க்கும் உள்சுற்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புது முடுக்கத்தை முழுதாக எடுக்காமல் ஒரு பங்கு மட்டும் எடுங்கள். உங்கள் பந்துக்கு அந்தப் பங்கு 0.278-க்குக் கீழே இருந்தால்தான் குவியும், அதாவது விடை ஓர் எண்ணில் நிலைக்கும். மிகச் சிறந்த மதிப்பு 1-ஐ 7.2-ஆல் (அந்த 6.2-உடன் 1) வகுத்தால் வரும் 0.139. இந்த எண்ணைக் கையால் போட்டால் முழுகியிருக்கும் வரை கச்சிதமாக ஓடும். பந்து நீர்மட்டத்தை உடைக்கும்போது கூடுதல் நிறை குறைந்துகொண்டே வரும், அதே எண் தேவையில்லாமல் மந்தமாகிவிடும். எய்ட்கென் முறை ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பங்கைத் தானே சரிசெய்துகொள்ளும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

உள்சுற்றே இல்லாமல், ஸ்டெப்புக்கு ஸ்டெப் இந்தப் பங்கை மட்டும் போட்டு "சரியாயிடுச்சு" என்பவர்கள் உண்டு. வெடிக்காது, உண்மைதான். ஆனால் பந்து சோம்பேறித்தனமாகக் கிளம்பும். அந்தத் தாமதம் இயற்பியலிலிருந்து வரவில்லை, உங்கள் டைம் ஸ்டெப்பிலிருந்து வருகிறது.

இன்னொரு வழி, நீரின் அழுத்தச் சமன்பாட்டுக்குள்ளேயே பந்தின் நிறையையும் சேர்த்து ஒன்றாகத் தீர்ப்பது. பாட்டி, பெர்ட்டைல்ஸ், பிரிட்சன் மூவரும் 2007-இல் காட்டிய வழி அந்த வகை. எழுதக் கொஞ்சம் கை வலிக்கும். எழுதிவிட்டால் அடர்த்தி விகிதம் பற்றிய கவலையே போய்விடும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரே எண் போதும்: விட்ட கணத்தில் பந்தின் முடுக்கம். நிகர மிதப்பு விசை 33.5 கழித்தல் 2.7, அதாவது 30.8 கிராம் எடை. அதைப் பந்தும் கூடுதல் நிறையும் சேர்ந்த 19.45-ஆல் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1.58 மடங்கு. உங்களுக்கு 11 மடங்குக்கு மேல் வந்தால் கூடுதல் நிறை கணக்கிலேயே இல்லை என்று அர்த்தம். நிறையப் பேர் சிமுலேஷனில் பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்வதற்கு இதுதான் காரணம்.

பிப்ரவரி 5, மதியம் 1:30

"நான் எஸ்பிஎச் போடறேன், எனக்கு இப்படி வெடிச்சதே இல்லை" என்று ஒருவர் மார்தட்டுகிறார். எஸ்பிஎச் என்பது நீரைத் துகள்களாக வைத்துக் கணக்கிடும் முறை. அதில் வெடிக்காதுதான். மெல்ல அமுங்கும் நீராக வைத்து ஓட்டும் எஸ்பிஎச்சில் அழுத்தம் ஒலிவேகத்தில் பரவுகிறது. ஒரு ஸ்டெப்பில் பந்தைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்குக்குத்தான் செய்தி போய்ச்சேரும். அதனால் டைம் ஸ்டெப் சின்னதாக இருக்கும் வரை பந்து முழு 16.75 கிராமோடு ஒரே அடியில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதற்கு விலையாகத்தான் நீங்கள் அவ்வளவு சின்ன ஸ்டெப் எடுக்கிறீர்கள். உண்மை ஒலிவேகம் நொடிக்கு 1480 மீட்டர் அளவு. அதை வைத்தால் ஓட்டம் முடிவதற்குள் வயதாகிவிடும் என்பதால், நீரின் உச்ச வேகத்தைப் போல பத்து மடங்கு என்று பொய்யாக ஓர் ஒலிவேகம் வைக்கிறோம். அடர்த்தி மாற்றம் 1 சதவீதத்துக்குள் நிற்கும். நல்ல பேரம்தான், மோதும் முதல் கணம் தவிர.

பிப்ரவரி 6, இரவு 11:20

இப்போது உள்ளே போவதைப் பற்றி. "எஃகுக் குண்டு அருமையா போகுது" என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கண்ணுக்கு அழகாக இருந்ததை வைத்து என்றால் பேச்சுக்கு இடமில்லை.

நீரில் மோதுவதற்குக் கணிப்பொறிக்கு முன்பிருந்தே நல்ல கணக்கு இருக்கிறது. கடல் விமானங்களின் மிதவைகள் நீரில் இறங்கும்போது வாங்கும் அடியைக் கணக்கிட ஃபான் கார்மன் 1929-இல் ஒரு வழி சொன்னார். ஆப்பு வடிவம் இறங்க இறங்க, நனைந்த அகலத்துக்கேற்பக் கூடுதல் நிறை வளரும். மொத்த உந்தம் மாறாது. ஆக வேகம் குறையும். அவ்வளவுதான் கணக்கு. 1932-இல் வாக்னர் ஒரு திருத்தம் செய்தார்: ஆப்பு ஒதுக்கும் நீர் பக்கவாட்டில் மேலே ஏறி நிற்பதால் நனைந்த அகலம் நாம் வரைந்து பார்ப்பதைவிடப் பெரிது, தோராயமாக 1.57 மடங்கு.

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்த்தேன். பக்கங்கள் கிடைமட்டத்தோடு 30 டிகிரி, ஒரு மீட்டர் நீளத்துக்கு நிறை 100 கிலோ, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறது. முனை 10 சென்டிமீட்டர் இறங்கியதும் ஃபான் கார்மன் கணக்கில் வேகம் 2.04, வாக்னர் கணக்கில் 1.39. 30 டிகிரிக்கு வாக்னர் அடியை அளவுக்கு மிஞ்சிச் சொல்வார், ஃபான் கார்மன் குறைத்துச் சொல்வார். உங்கள் சால்வர் இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். வெளியே போனால் கிரிட்டைக் குறை சொல்லாதீர்கள், கோட் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

உச்ச அழுத்தம் இன்னும் பெரிய கண்ணி. 10 டிகிரி ஆப்பு அதே 3 மீட்டர் வேகத்தில் இறங்கினால், நனைந்த விளிம்பு பக்கவாட்டில் நொடிக்கு 26.7 மீட்டரில் ஓடும். வாக்னர் கணக்குப்படி உச்ச அழுத்தம் 357 கிலோபாஸ்கல், மூன்றரை வளிமண்டலம். வெறும் 3 மீட்டர் வேகத்துக்கான அழுத்தத்தைப் போல 79 மடங்கு. அந்த உச்சம் 5 மில்லிமீட்டர் செல்லை 0.19 மில்லிநொடியில் கடந்துவிடும். நீங்கள் நொடிக்கு 60 படம் என்று சேமித்தால் இரண்டு படங்களுக்கு நடுவில் அது 44 சென்டிமீட்டர் ஓடிப்போயிருக்கும். "உச்ச அழுத்தம் இவ்வளவு" என்று ஒரு சிமுலேஷன் அறிக்கையில் பார்த்தால் நான் முதலில் கேட்பது செல் அளவையும் சேமித்த இடைவெளியையும்தான். உச்சத்தை விட்டுவிட்டு, விசையை நேரத்தோடு தொகுத்து வரும் உந்தத்தை ஒப்பிடுங்கள். அது சுமாரான கிரிட்டிலேயே நிலைத்துவிடும்.

ஆப்பு கிட்டத்தட்டத் தட்டையானால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அடியில் காற்று மாட்டிக்கொண்டு மெத்தையாகிவிடும். காற்றே இல்லாத ஒற்றைத் திரவச் சால்வர் அங்கே சொல்லும் அழுத்தத்தை நான் வாசிப்பதுகூட இல்லை.

பிப்ரவரி 7, காலை 6:50

நீர் கிரீடம் போலத் தெறிக்கும் படத்தை ஒருவர் போட்டு "இதுக்கு மேல என்ன ஆதாரம்" என்கிறார். படம் அழகு. சுவரில் மாட்டலாம்.

பிப்ரவரி 7, இரவு 8:30

காலையில் கிண்டலோடு விட்டுவிட்டேன், விஷயத்தைச் சொல்லவில்லை. வழவழப்பான குண்டு சத்தமில்லாமல் போவதையும் சொரசொரப்பான குண்டு பெரிதாகத் தெறிப்பதையும் ஆர்தர் வொர்திங்டன் நூறாண்டுக்கு முன்பே மின்பொறி வெளிச்சத்தில் படமெடுத்துக் காட்டிவிட்டார். 2007-இல் ஒரு பிரெஞ்சுக் குழு இதை அளந்தது. நீர் நன்றாகப் படரும் பரப்புள்ள கோளம் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் பின்னால் காற்றுக்குழி திறக்கும். நீர் ஒட்டாத பூச்சு பூசியிருந்தால் மெதுவாக விழுந்தாலே குழி வரும்.

நொடிக்கு 7 மீட்டர் என்றால் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். சுத்தமாகத் துடைத்த குண்டை ஒரு மீட்டரிலிருந்து போட்டால் வேகம் 4.4 மீட்டர்தான், குழி வரக் கூடாது. உங்கள் சிமுலேஷனில் எவ்வளவு உயரத்திலிருந்து போட்டாலும் அட்டகாசமான குழி வருகிறதா? உங்கள் கோட்டில் தொடுகோணம் (நீர்மட்டம் பரப்பைத் தொடும் கோணம்) என்ற ஒன்றே இல்லை. குண்டின் மேல் ஏறும் மெல்லிய நீர்ப்படலத்தை உங்கள் செல்லால் பார்க்க முடியவில்லை, அதனால் அது பிய்ந்து தெறிக்கிறது. பெரும்பாலான அழகான குழிகள் இப்படி இலவசமாக வந்தவைதான்.

குழி வர வேண்டிய இடத்தில் வந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். குழி நடுவில் சுருங்கி மூடும் நேரம் மோதும் வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, கோளத்தின் ஆரத்தைப் பொறுத்துதான் மாறும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி ஓட்டுங்கள். மூடும் நேரம் அப்படியே இருக்க வேண்டும், மூடும் ஆழம் மட்டும் கூட வேண்டும். மூடிய பிறகு உள்ளே மாட்டிய குமிழி சில ஸ்டெப்பில் காணாமல் போகிறதா? அப்படியானால் உங்கள் சால்வரில் காற்று இல்லை. நீர்மட்டத்திலேயே வாய் மூடிக்கொள்ளும் வகைக் குழியும் காற்று இல்லாமல் வராது. அறைக் காற்றின் அழுத்தத்தைக் குறைத்தால் அந்த மூடல் மாறுவதை 1948-லேயே பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, இரவு 10:10

இனி முதல் கேள்வியில் இருந்த அந்த வரி: "காலத்தைத் திருப்பிப் போட்ட மாதிரிதானே." பந்து வெடித்ததற்கு வெளியேறுவது காரணமில்லை என்று சொன்னேன். ஆனால் வெளியேறுவது உண்மையிலேயே வேறு பிரச்சினை, இன்னும் பெரிய பிரச்சினை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உள்ளே போகும் ஆப்பின் இருபுறமும் மெல்லிய தாரை பீய்ச்சும், கொடுத்த ஆற்றலில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். ஆப்பை வெளியே இழுக்கும்போது எங்கிருந்தோ தாரைகள் வந்து அதன் ஓரத்தில் அடங்கி ஆற்றலைத் திருப்பித் தருவதில்லை. உள்ளே போகும்போது நனைந்த விளிம்பு எங்கே இருக்கும் என்பதை வடிவமும் வேகமும் சேர்ந்து கட்டளையிடுகின்றன. வெளியே வரும்போது விளிம்பு எங்கே பின்வாங்கும் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. பரப்பு ஈரமாகவே இருக்கிறது, மேலிருந்து படலம் வடிகிறது, அடியில் நீர் ஒட்டிக்கொண்டு வருகிறது. வாக்னர் கணக்கைக் குறி மாற்றிப் போட்டு வெளியேறும் விசை எடுக்க முயன்றவர்கள் பலரும் இங்கேதான் தட்டுத்தடுமாறினார்கள்.

15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான மூடியை வாளி நீரின் மேல் படுக்கவைத்து, கிடைமட்டமாக மேலே தூக்கிப் பாருங்கள். கைபேசியை நீர்மட்டத்துக்கு நேராக, நொடிக்கு 240 படம் எடுக்கும்படி வையுங்கள். மெதுவாகத் தூக்கினால் மூடிக்கு அடியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தூணாக எழும், பிறகு ஓரத்திலிருந்து காற்று நுழைந்து ஒரு பக்கமாகக் கிழியும். அந்த அரை சென்டிமீட்டரிலேயே கை உணரும் கூடுதல் எடை கிட்டத்தட்ட 90 கிராம். வெடுக்கென்று இழுத்தால் தூண் அதைவிட உயரமாக எழும், நடுவில் இடுப்பு சுருங்கும், மூடி போன பிறகும் ஒரு கணம் தனியாக நின்று விழும். கிழிவது ஒவ்வொரு முறையும் வேறு ஓரத்தில்.

இப்போது இதே மூடியைச் சிமுலேஷனில் தூக்குங்கள். மூடிக்கு அடியில் இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. நம்மில் பெரும்பாலோர் வளிமண்டலத்தைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்கிறோம், ஆக அது எதிர்மறை எண். எஸ்பிஎச்சில் எதிர்மறை அழுத்தம் வந்தால் துகள்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அந்தத் தொல்லைக்குப் பயந்து பல கோட்களில் "பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம்" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரி உறிஞ்சலை முழுதாக அழித்துவிடுகிறது. மூடி தூசியைத் தட்டிவிட்டதுபோல் நீரைவிட்டு எழுந்துவிடும், தூணும் இல்லை, 90 கிராமும் இல்லை. உள்ளே போகும் சோதனையில் இந்த வரி கண்ணில் படவே படாது. அங்கே அழுத்தம் பெரும்பாலும் நேர்மறைதான். உள்ளே போவதை மட்டும் சோதித்துவிட்டு "சால்வர் ரெடி" என்பவர்களிடம் நான் சண்டை போடுவது இதனால்தான்.

பிப்ரவரி 10, காலை 8:00

"நீருக்கு எதிர்மறை அழுத்தமே கிடையாது, வெட்டினது சரிதான்" என்று வந்த பதிலுக்கு: வளிமண்டலம் 101 கிலோபாஸ்கல். மூடிக்கு அடியில் குறைவது 50 பாஸ்கல். உண்மை அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு அருகில்கூடப் போகவில்லை, நீங்கள் பூஜ்ஜியம் என்று பெயர் வைத்த கோட்டுக்குக் கீழே போனது, அவ்வளவே. எல்லா அழுத்தத்தோடும் ஒரு பின்னணி அழுத்தத்தைக் கூட்டி ஓட்டினால் துகள்கள் கொத்தாக ஒட்டுவது அடங்கும். ஆனால் துகள் முறையில் நீர்மட்டத்தில் அதற்குத் தனிக் கவனம் வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்பு சும்மா இருக்கும்போதே கொதிக்கும்.

கிரிட் ஆட்களும் சிரிக்க வேண்டாம். ஒற்றைத் திரவக் கிரிட்டில் எதிர்மறை அழுத்தம் தாராளமாக வரும். ஆனால் காற்று ஓரத்திலிருந்து நுழைய ஒரு செல் திறக்க வேண்டும். செல் 5 மில்லிமீட்டர் என்றால் நுழைவு தாமதமாகும், மூடி நீரை அளவுக்கு மீறித் தூக்கிக்கொண்டு போகும். துகள் முறையில் குறைவாக ஒட்டும், கிரிட் முறையில் அதிகமாக ஒட்டும். விடை நடுவில் எங்கோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் ஒரே வழி செல்லைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுவதுதான்.

பிப்ரவரி 12, இரவு 9:45

கேள்வி கேட்ட நண்பர் உள்சுற்று எழுதி ஓட்டிவிட்டார், வாழ்க. தொடக்க முடுக்கம் 1.6 மடங்கு வருகிறதாம். இப்போது அவருடைய வரைபடத்தில் விடும் ஆழம் கூடக் கூட பந்து துள்ளும் உயரமும் கூடிக்கொண்டே போகிறது. "இது இயல்புதானே, அதிக ஆழம் அதிக ஆற்றல்" என்கிறார்.

இயல்பாகத் தோன்றும், ஆனால் இல்லை. ட்ரஸ்காட், எப்ஸ், மன்ஸ் மூவரும் 2016-இல் வெளியிட்ட பரிசோதனையில் ஆழத்தைக் கூட்டியபோது சில இடங்களில் துள்ளும் உயரம் குறைந்தது. குறைந்த ஆழத்திலிருந்து விட்ட பந்து நேராக வந்து குதிக்கிறது. ஆழத்திலிருந்து வரும் பந்து வழியில் சுழல்களை உதிர்த்து, பக்கவாட்டில் ஆடி, சாய்வாக நீர்மட்டத்துக்கு வருகிறது. வந்து சேரும்போது வேகமும் திசையும் அதன் கையில் இல்லை.

நண்பரின் சால்வர் அச்சைச் சுற்றிச் சமச்சீர் என்று எடுத்துக்கொண்டு ஓடுகிறது. பந்து பக்கவாட்டில் ஆட அங்கே இடமே இல்லை. முப்பரிமாணத்தில் ஓட்டினாலும் கவனம் வேண்டும்: கிரிட் முழுச் சமச்சீராக, பந்து துல்லியமாக நடுவில் இருந்தால் ஆட்டம் தொடங்க நேரமெடுக்கும். நான் தொடக்கத்தில் பந்தைச் செல்லின் ஒரு சின்னப் பங்கு அளவு தள்ளி வைப்பேன்.

உயரத்துக்கு ஒரு மேலோட்டக் கணக்கு. 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து 1.58 மடங்கு முடுக்கம், இழுவையே இல்லை என்றால் வேகம் நொடிக்கு 1.76 மீட்டர், அது பந்தை 15.8 சென்டிமீட்டர் துள்ளவைக்கும். மிதப்பு விசை செய்த வேலை முழுதும் பந்துக்கே போயிருந்தால் 1.14 மீட்டர் துள்ளியிருக்கும். மீதி நீரின் இயக்கத்தில் இருக்கிறது. பந்து வெளியேறும் அந்தச் சில மில்லிநொடிகளில் நீரிடமிருந்து அது எவ்வளவு வாங்கிக்கொள்கிறது, எவ்வளவை விட்டுவிட்டுப் போகிறது என்பதில்தான் சால்வர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. 240 படத்தில் பந்து ஒரு படத்துக்கு 7 மில்லிமீட்டர் நகரும், ஆக கைபேசியை வைத்தே இதைத் தாராளமாக அளக்கலாம்.

பிப்ரவரி 13, மாலை 5:20

விளையாட்டு எழுதுபவர்கள் இரண்டு பேர் "எங்களுக்கு இவ்வளவும் வேணுமா" என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். நீரை உயரங்களின் அட்டவணையாக வைத்து, பொருளின் முழுகிய கனஅளவுக்கு மிதப்பு விசை, வேகத்துக்குக் கொஞ்சம் தணிப்பு, போதும். அந்த அட்டவணையில் காற்றுக்குழி ஒருபோதும் வராது, ஓர் இடத்துக்கு ஓர் உயரம்தானே. தெறிப்பை மேலே தனியாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: முழுகிய பங்குக்கேற்ப ஒரு கூடுதல் நிறையைப் பொருளோடு கூட்டிவிடுங்கள். பெட்டி நீரில் ரப்பர் மாதிரி துடிப்பது நின்றுவிடும். நேர்ப்பக்கப் பெட்டி 10 சென்டிமீட்டர் முழுகி மிதந்தால், கூடுதல் நிறை இல்லாமலே மேலும் கீழும் ஆடும் காலம் 0.63 நொடி. உண்மையில் அதைவிட நீளமாக இருக்கும். உங்கள் திரையில் அதைவிட வேகமாகத் துடித்தால் எங்கோ நிறை காணாமல் போயிருக்கிறது.

பிப்ரவரி 13, மாலை 5:45

படகுப் போட்டி விளையாட்டில் படகு நீரை விட்டுப் பறந்து திரும்பி விழும்போது என்ன செய்வது என்று கேட்டவருக்கு: மேலே உள்ள ஃபான் கார்மன் கணக்கையே அடிப்பாகத்துக்குப் போடுங்கள். 1929-இன் கணக்கு, கைபேசியில் அலட்டிக்கொள்ளாமல் ஓடும்.

பிப்ரவரி 16, இரவு 11:55

நண்பர் முப்பரிமாணத்தில் ஓட்டிய தரவைப் பார்த்தேன். பந்து இப்போது ஆடுகிறது, சாய்வாக வருகிறது, நல்லது. புதுப் பிரச்சினை: நீரை முழுதாக விட்டு மேலே போன பிறகும் பந்து கணக்கைவிடச் சற்றுக் கனமாக நடந்துகொள்கிறதாம்.

பந்தைத் தொட்டிருக்கும் செல்களில் நீர்ப் பங்கு எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். 0.02 அளவு மீந்திருக்கிறது. பந்தின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர், செல் 2 மில்லிமீட்டர், ஆக அந்த அடுக்கின் கனஅளவு 10 கன சென்டிமீட்டர். அதில் 2 சதவீதம் 0.2 கிராம் நீர். வேறு எந்தப் பொருளிலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 2.7 கிராம் பந்தில் அது ஏழு சதவீதத்துக்கு மேல்.

பூஜ்ஜியமாக்கிவிடலாமா என்று கேட்கிறார். நானும் முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் உண்மையான பந்தும் ஈரமாகத்தானே வெளியே வருகிறது? 0.04 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படலம் ஒட்டியிருந்தாலே அதுவும் 0.2 கிராம். அந்தச் செல்களில் இருப்பது எண்முறைக் கசடா, தெரியாத்தனமாகச் சரியாக வந்த படலமா என்பதை ஒரே ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. செல்லை ஒரு மில்லிமீட்டராக்கினால் கசடு என்றால் பாதியாகும், படலம் என்றால் அப்படியே நிற்கும். அதற்குள் நீருக்குள்ளிருந்து துள்ளிய பந்தை நடுவானிலேயே பிடித்து, உதறாமல், 0.01 கிராம் காட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். பிடிக்கும் கை காய்ந்திருக்க வேண்டும்.